பாஸ்டன் ரெட் சாக்ஸின் 2012–13 குளிர்காலம்: ஆண்டுகளை எண்ணி வாங்கிய அணி

கேள்வி இதுதான்: 2012ஆம் ஆண்டு 69 வெற்றி, 93 தோல்வியுடன் தன் பிரிவில் கடைசி இடத்தைப் பிடித்த பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி, மறு ஆண்டே 97 ஆட்டங்களை வென்று, கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடரையும் கைப்பற்றியது. இடையிலிருந்த சில மாதங்களில் அது செய்த வீரர் ஒப்பந்தங்கள் திட்டமிட்ட உத்தியா, வெறும் அதிர்ஷ்டமா? உத்தி என்றால், பிற அணிகளும் அதையே ஏன் செய்வதில்லை?

உத்திதான் என்பது என் பதில். ஆனால் அந்த உத்தியின் சாரம் பலரும் சொல்வதுபோல் மலிவான வீரர்களைத் தேடிப் பிடித்ததில் இல்லை. பேஸ்பாலில் ஒரு வீரரின் உண்மையான விலை ஆண்டுச் சம்பளம் அல்ல, ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகள் நீள்கிறது என்பதே என்று அந்தக் குளிர்காலத்தில் நிர்வாகம் முடிவு செய்துகொண்டது. அந்த முடிவிலிருந்து ஓர் ஒப்பந்தத்தில்கூட நழுவவில்லை. அதிர்ஷ்டமும் சேர்ந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலில் விதிகள். அமெரிக்க மேஜர் லீகில் ஒரு வீரர் ஆறு ஆண்டுகள் முழுமையாக ஆடி முடிக்கும் வரை அவர் எந்த அணியில் ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அணியிடமே இருக்கிறது. பொதுவாக முதல் மூன்று ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியும், அடுத்த மூன்று ஆண்டுகள் ஆர்பிட்ரேஷன் எனப்படும் நடுவர் முறையிலும் சம்பளம் அமையும். அதன் பிறகே அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, விரும்பிய அணியுடன் பேரம் பேச முடியும். ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு: இங்கே அணியின் செலவுக்குக் கறாரான உச்சவரம்பு கிடையாது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் ஆடம்பர வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2013இல் அந்த எல்லை 17.8 கோடி டாலராக இருந்தது. இன்னொன்று, ஒப்பந்தத் தொகை முழுவதும் உறுதியளிக்கப்பட்டது. வீரர் காயம்பட்டாலும், ஆட்டம் மங்கினாலும், அணியே அவரை விலக்கினாலும் கையெழுத்திட்ட பணத்தைக் கடைசி டாலர் வரை கொடுத்தாக வேண்டும். பெரும்பாலான வீரர்கள் முப்பதை ஒட்டிய வயதில்தான் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், ஏழாண்டு ஒப்பந்தத்தின் கடைசி மூன்று ஆண்டுகளுக்கு அணி எதற்காகப் பணம் கொடுக்கிறது என்ற கேள்வி தானாகவே எழும்.

அந்தக் கேள்விக்கான விடையை ரெட் சாக்ஸ் தன் பணத்தைக் கொடுத்தே கற்றது. 2010 டிசம்பரில் கார்ல் க்ராஃபோர்டுக்கு ஏழு ஆண்டுகளுக்கு 14.2 கோடி டாலர். 2011 ஏப்ரலில் ஏட்ரியன் கான்சாலஸுக்கு ஏழு ஆண்டுகளுக்கு 15.4 கோடி டாலர். அந்த 2011 செப்டம்பரிலேயே 27 ஆட்டங்களில் 20இல் தோற்று, கையிலிருந்த பிளே ஆஃப் வாய்ப்பை அணி இழந்தது. பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன் சிகாகோ கப்ஸுக்குப் போனார். பென் செரிங்டன் அவர் இடத்துக்கு வந்தார். 2012 அதைவிட மோசமான ஆண்டு. க்ராஃபோர்டு முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று.

2012 ஆகஸ்ட் 25 அன்று நடந்ததை நான் பார்த்த வீரர் பரிமாற்றங்களிலேயே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கான்சாலஸ், க்ராஃபோர்டு, பந்து வீச்சாளர் ஜாஷ் பெக்கெட், நிக் புன்டோ ஆகிய நால்வரையும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டுதான் டாட்ஜர்ஸ் 200 கோடி டாலருக்கும் மேலான விலையில் புதிய உரிமையாளர்களிடம் கைமாறியிருந்தது. அவர்களுக்கு உடனடியாக நட்சத்திரங்கள் தேவைப்பட்டார்கள். பதிலுக்கு ரெட் சாக்ஸ் பெற்ற இளம் வீரர்களில் யாரும் பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால் 25 கோடி டாலருக்கும் மேலான வருங்காலக் கடப்பாடு ஒரே நாளில் தோளிலிருந்து இறங்கியது. 2013ஆம் ஆண்டுக்கு மட்டும் முதல் மூவருக்கும் சேர்த்து ஐந்தரைக் கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கையில் பணம் வந்ததும் மறுபடியும் பெரிய பெயர்களைத் தேடிப் போவதுதான் வழக்கம். அந்த ஆண்டுச் சந்தையில் ஜாஷ் ஹாமில்டன், ஸாக் க்ரெய்ங்கி, பி. ஜே. அப்டன், நிக் ஸ்விஷர், மைக்கேல் போர்ன் எல்லோரும் இருந்தார்கள். ஹாமில்டன் ஐந்து ஆண்டுகளுக்கு 12.5 கோடி டாலர் வாங்கிக்கொண்டு ஏஞ்சல்ஸுக்குப் போனார். மூன்றாம் ஆண்டு தொடங்கியபோதே அந்த அணி அவர் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொண்டு அவரை டெக்சஸுக்குத் திருப்பி அனுப்பியது. அப்டன் ஐந்து ஆண்டுகளுக்கு ஏழரைக் கோடி டாலருக்கும் சற்று அதிகமாக வாங்கி அட்லாண்டாவுக்குப் போய், முதல் ஆண்டில் .184 என்ற மோசமான பேட்டிங் சராசரியில் (ஆயிரம் முயற்சிக்கு 184 ஹிட்) ஆடினார். க்ரெய்ங்கி மட்டும் தான் வாங்கிய பணத்துக்கு மிஞ்சியே உழைத்தார். நீண்ட ஒப்பந்தங்கள் எல்லாமே வீண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அவரையும் குறிப்பிடுகிறேன்.

ரெட் சாக்ஸ் முதலில் தீர்க்க வேண்டியிருந்தது டேவிட் ஓர்டீஸின் ஒப்பந்தத்தை. அப்போது புதிதாக வந்திருந்த தொழிலாளர் உடன்பாட்டின்படி, விலகிச் செல்லக்கூடிய தன் வீரருக்கு ஓர் அணி க்வாலிஃபையிங் ஆஃபர் என்ற ஓராண்டுச் சலுகையை நீட்டலாம்; அந்தக் குளிர்காலத்தில் அதன் தொகை 1.33 கோடி டாலர். வீரர் அதை மறுத்துவிட்டு வேறு அணிக்குப் போனால், அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரைவுத் தேர்வில் பழைய அணிக்குக் கூடுதல் இடம் ஒன்று கிடைக்கும்; புதிய அணி தன் உயர்ந்த தேர்வு ஒன்றை இழக்கும். அந்த முதல் ஆண்டில் ஒன்பது பேருக்கு இந்தச் சலுகை நீட்டப்பட்டது, ஒருவரும் ஏற்கவில்லை. ஓர்டீஸுடன் இரண்டு ஆண்டுகளுக்கு 2.6 கோடி டாலர் என்று அணி பேசி முடித்தது. மற்ற எட்டுப் பேரில் ஒருவரைக்கூட அது தொடவில்லை. மோசமாக ஆடியதன் பலனாகக் கிடைத்த ஏழாவது முதல் சுற்றுத் தேர்வு விதிப்படி பாதுகாக்கப்பட்டிருந்தது. அந்த எட்டுப் பேரில் ஒருவரை வாங்கியிருந்தால் இழப்பது இரண்டாம் சுற்றுத் தேர்வு மட்டுமே. இருந்தும் தொடவில்லை என்பதிலிருந்துதான் அவர்களைத் தடுத்தது தேர்வின் இழப்பல்ல, ஆண்டுகளின் நீளமே என்று நான் முடிவு கட்டுகிறேன்.

பிறகு நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஒவ்வொருவராக வந்தார்கள். ஷேன் விக்டோரினோவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 3.9 கோடி. ரையன் டெம்ப்ஸ்டருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 2.65 கோடி. ஜானி கோம்ஸுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 1 கோடி. டேவிட் ராஸுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 62 லட்சம். ஸ்டீபன் ட்ரூவுக்கு ஓராண்டுக்கு 95 லட்சம். கோஜி உயெஹாராவுக்கு ஓராண்டுக்கு 42.5 லட்சம். மைக் நபோலியுடன் முதலில் மூன்று ஆண்டுகளுக்கு 3.9 கோடி என்று பேசி முடித்திருந்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் அவருடைய இரு இடுப்பு மூட்டுகளிலும் எலும்புக்கு இரத்தம் செல்வது தடைப்படும் நோய் இருப்பது தெரியவந்தது. பேச்சு வாரக்கணக்கில் நீண்டு, கடைசியில் ஓராண்டுக்கு உறுதியான 50 லட்சம், உடல்நலத்தோடு ஆடினால் ஊக்கத்தொகை சேர்ந்து 1.3 கோடி வரை என்று முடிந்தது. ஆபத்தைக் கண்டதும் வீரரைக் கைவிடாமல், அந்த ஆபத்தை ஒப்பந்தத்தின் வடிவத்துக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தின் சிந்தனையைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஒப்பந்தத்தைத்தான் காட்ட முடியும் என்றால், நான் நபோலியின் ஒப்பந்தத்தையே காட்டுவேன்.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். இந்த ஏழு பேரின் ஆண்டுச் சராசரியைச் சேர்த்தால், நபோலியின் உறுதித்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 5.3 கோடி டாலர் வருகிறது. டாட்ஜர்ஸுக்குப் போன மூவரின் ஒரு வருடச் சம்பளத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதாவது 2013ஆம் ஆண்டின் செலவைப் பொறுத்தவரை அணி சிக்கனம் பிடிக்கவே இல்லை. வேறுபாடு மொத்தக் கடப்பாட்டில்தான் இருந்தது: இந்த ஏழு பேருக்கும் சேர்த்து ஒப்புக்கொண்டது ஏறக்குறைய 10 கோடி, கைகழுவியதோ 25 கோடிக்கும் மேல். விக்டோரினோவுக்கு ஆண்டுக்கு 1.3 கோடி என்ற செய்தி வந்தபோது, முந்தைய ஆண்டு .255 சராசரியில் ஆடிய, 32 வயதான ஒருவருக்கு இது அநியாய விலை என்று பாஸ்டனில் பலர் கோபப்பட்டார்கள். ஆண்டு விலையை மட்டும் பார்த்தால் அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. அணி தெரிந்தேதான் ஆண்டு விலையைக் கூட்டிக் கொடுத்தது. நான்காவது, ஐந்தாவது ஆண்டுகளைக் கேட்காமல் வீரர் இறங்கிவர அதுவே வழி.

குறுகிய ஒப்பந்தத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. ட்ரூவை ஓராண்டுக்கு மட்டும் ஷார்ட் ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் தடுப்பாளர்) இடத்தில் நிறுத்தியதற்குக் காரணம், ஒரு படி கீழேயுள்ள அணிகளில் சாண்டர் போகார்ட்ஸ் என்ற இருபது வயது இளைஞர் வளர்ந்துகொண்டிருந்ததே. அவர் 2013 ஆகஸ்டில் அணிக்குள் வந்தார். உலகத் தொடரில் மூன்றாவது பேஸில் நின்று ஆடினார். நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் ஒருவர் அந்த இடத்தில் அமர்ந்திருந்தால், இளைஞருக்கு வழி திறப்பதற்கு அணி பணத்தையும் கொடுத்து ஆளையும் இழக்க வேண்டியிருந்திருக்கும்.

அதிர்ஷ்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் வந்து வெற்றியைக் காக்கும் க்ளோசராக அணி தேர்ந்தெடுத்தவர் ஜோயல் ஹன்ராஹன். அவரைப் பெறுவதற்காகப் பிட்ஸ்பர்க் அணிக்கு அனுப்பியவர்களில் ஒருவரான மார்க் மெலன்சன், அதே 2013இல் அந்த ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல் ஸ்டார் அணிக்குத் தேர்வாகுமளவுக்கு ஆடினார். ஹன்ராஹனோ மே மாதத்தில் முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போய்விட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ பெய்லி ஜூனில் தடுமாறி அந்தப் பொறுப்பை இழந்தார், ஜூலையில் தோள் காயத்தால் விலகினார். மூன்றாவதாகத்தான் உயெஹாராவிடம் அந்தப் பொறுப்பு வந்தது. 38 வயதில் அவர் 74 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, 101 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே ஆட்டமிழக்கச்) செய்து, 9 பேருக்கு மட்டுமே வாக் (தவறான பந்துகளால் முதல் பேஸை இலவசமாகக்) கொடுத்து, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.09 ஓட்டங்கள் மட்டுமே விட்டு முடித்தார். இடையில் ஒரு கட்டத்தில் தொடர்ந்து 37 பேட்டர்களை ஆட்டமிழக்கச் செய்தார். மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் இறுதித் தொடரில் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. இதை முன்கூட்டியே கண்டுதான் அவரை வாங்கினோம் என்று செரிங்டனே சொல்லியிருந்தாலும் நான் நம்பமாட்டேன். ஆனால் 42.5 லட்சம் டாலருக்குத் தரமான மூன்றாவது மாற்று ஆள் கைவசம் இருந்தது தற்செயல் அல்ல. இருந்த பணத்தைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்ததால்தான் ஒருவர் விழுந்தபோது இன்னொருவர் இருந்தார்.

விக்டோரினோவும் அப்படித்தான். 2013இல் .294 சராசரி, சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது, அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் டெட்ராய்ட்டுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ஓட்டங்கள்), செயின்ட் லூயிஸுக்கு எதிராக உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மூன்று ஓட்டங்களைக் கொண்டுவந்த டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓடவைத்த அடி). அந்த ஆட்டத்தை வென்றுதான் 1918க்குப் பிறகு முதன்முறையாகத் தன் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கிலேயே அணி கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டில் முதுகுக் காயத்தால் அவர் 30 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். 2015 ஜூலையில் வேறு அணிக்குப் போனார். மூன்றில் ஓராண்டுதான் முழுப்பயன் தந்தது. ஆயினும் அந்த ஒப்பந்தத்தை யாரும் சுமையாக நினைவுகூர்வதில்லை, ஏனெனில் சுமையாக மாறுவதற்குள் அது முடிந்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஏழு புதியவர்கள் வந்து சேர்ந்தது வெற்று இடத்தில் அல்ல. ஓர்டீஸ், டஸ்டின் பெட்ரோயா, ஜகோபி எல்ஸ்பரி, பந்து வீச்சாளர்கள் ஜான் லெஸ்டரும் க்ளே பக்ஹோல்ஸும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். பெட்ரோயாவும் எல்ஸ்பரியும் லெஸ்டரும் பக்ஹோல்ஸும் அணியே தேர்ந்தெடுத்து வளர்த்தவர்கள். சந்தை விலையைவிடக் குறைவான சம்பளத்தில் இருந்தவர்கள். உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை வென்று கொடுத்த ஜான் லாக்கி, 2009இல் செய்த 8.25 கோடி டாலர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இருந்தவர். பணத்தை வீணடித்துவிட்டார்கள் என்று ஊரே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. முழங்கைக் காயத்தால் அவர் நீண்ட காலம் ஆட முடியாமல் போனால், கூடுதலாக ஓராண்டு குறைந்தபட்சச் சம்பளத்துக்கு அவரை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. அவர் 2012 முழுவதையும் இழந்ததால் அந்தப் பிரிவு உயிர்பெற்றது. ஒப்பந்தம் எழுதுபவர்களின் திறமையை நான் இத்தகைய பிரிவுகளில்தான் பார்க்கிறேன்.

கோப்பைக்குப் பிந்தைய குளிர்காலத்திலும் அதே அளவுகோலே தொடர்ந்தது. எல்ஸ்பரி, நபோலி, ட்ரூ மூவருக்கும் 1.41 கோடி டாலர் க்வாலிஃபையிங் ஆஃபர் நீட்டப்பட்டது, மூவருமே மறுத்தார்கள். நபோலி இரண்டு ஆண்டுகளுக்கு 3.2 கோடி என்று திரும்பி வந்தார். தன்னை எடுத்துக்கொள்ளும் அணி ஒரு தேர்வை இழக்க வேண்டும் என்பதாலேயே வாங்க ஆளில்லாமல் இருந்த ட்ரூ, பருவம் தொடங்கிய பின் மே மாதத்தில் பாஸ்டனுக்கே திரும்பினார். எல்ஸ்பரி ஏழு ஆண்டுகளுக்கு 15.3 கோடி டாலர் என்று நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். தொடர் எதிரியிடம் அவரை விட்டுக்கொடுத்தது பாஸ்டன் ரசிகர்களுக்கு வலித்தது, ஆனால் முடிவு சரியானது: 2017க்குப் பிறகு அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவருக்கு ஈடாகக் கிடைத்த 33ஆவது வரைவுத் தேர்வில் மைக்கேல் கோபெக் என்ற இளம் பந்து வீச்சாளர் வந்தார். 2016 டிசம்பரில் கோபெக்கும் யோன் மொன்காடாவும் அடங்கிய நால்வரைக் கொடுத்து க்ரிஸ் சேலை வாங்கினார்கள். 2018 உலகத் தொடரின் கடைசி பேட்டரை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர் அந்த சேல்தான்.

தவறு நடந்த இடம் லெஸ்டர். 2014 ஜனவரியில் அவரே முன்வந்து, பாஸ்டனில் தொடர்வதற்காகக் குறைந்த தொகைக்கும் சம்மதிப்பேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அணி நீட்டியதாகப் பரவலாகச் செய்தி வந்த தொகை நான்கு ஆண்டுகளுக்கு 7 கோடி டாலர். ஆண்டுகளைச் சுருக்கு என்ற விதியை, அது பொருந்தாத ஒருவர் மீது இயந்திரம்போல் பிரயோகித்தார்கள் என்றே கருதுகிறேன். விக்டோரினோவுக்குக் குறைந்த ஆண்டுகள் கேட்டபோது ஆண்டு விலையைக் கூட்டிக் கொடுத்தார்கள். லெஸ்டருக்கோ ஆண்டுகளையும் குறைத்து, விலையையும் குறைத்தார்கள். ஜூலை கடைசி நாளில் அவரை ஓக்லண்டுக்கு அனுப்பினார்கள். குளிர்காலம் வந்ததும் மனம் மாறி, ஆறு ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 13.5 கோடி வரை போனதாகச் செய்தி. அதற்குள் கப்ஸ் 15.5 கோடியோடு வந்துவிட்டது. ஜனவரியில் கேட்டிருந்தால் இடைப்பட்ட ஒரு தொகையில் கையெழுத்தாகியிருக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை. லெஸ்டர் 2016இல் கப்ஸுடன் கோப்பை வென்றார்.

2014 பருவத்தில் ரெட் சாக்ஸ் 71 வெற்றி, 91 தோல்வியோடு மறுபடியும் கடைசி இடத்துக்குப் போயிற்று. அப்போது கட்டுப்பாடு குலைந்தது. அந்த நவம்பரில் பாப்லோ சாண்டவாலுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 9.5 கோடி, ஹான்லி ராமிரெஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 8.8 கோடி. சாண்டவால் முதல் ஆண்டு .245 சராசரியில் ஆடி, இரண்டாம் ஆண்டு முழுவதையும் ஏறக்குறைய இழந்து, 2017 ஜூலையில் பெரும் தொகை பாக்கியிருக்கும்போதே விலக்கப்பட்டார். ஷார்ட் ஸ்டாப் ஆடி வந்த ராமிரெஸை இடது வெளிக்களத்தில் நிறுத்தினார்கள், அது எடுபடவில்லை. 2018இல் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பேட் செய்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு 2.2 கோடி டாலர் தானாகவே உறுதியாகும் என்று அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த எண்ணிக்கை எட்டுவதற்கு முன், மே மாதத்திலேயே அவரை அனுப்பிவிட்டார்கள். 2013இல் நபோலியின் ஆபத்தைச் சுமையாகாமல் எழுதிய அதே அலுவலகம், இரண்டு ஆண்டுகளுக்குள் இதை எழுதியது.

பிற அணிகள் ஏன் இதைச் செய்வதில்லை என்ற பகுதிக்கு வருகிறேன். முதல் காரணம், மிகச்சிறந்த வீரர்கள் குறுகிய ஒப்பந்தத்துக்கு வரமாட்டார்கள்; இந்த வழியில் கிடைப்பவர்கள் வயது ஏறியவர்களும், காயத்திலிருந்தோ மோசமான பருவத்திலிருந்தோ மீண்டு வருபவர்களுமே. அத்தகைய ஏழு பேரில் நான்கைந்து பேர் ஒரே ஆண்டில் நன்றாக ஆடுவது அரிது, அது மறு ஆண்டும் நடக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது. இரண்டாவது, அவர்களைச் சுற்றி நிறுத்த பெட்ரோயாவும் எல்ஸ்பரியும் லெஸ்டரும் போன்றவர்கள் வேண்டும்; அத்தகையவர்களைக் குளிர்காலச் சந்தையில் வாங்க முடியாது, பல ஆண்டுகளுக்கு முன்பே தேர்ந்தெடுத்து வளர்த்திருக்க வேண்டும். மூன்றாவது, பழைய தவறுகளை ஏற்றுக்கொள்ள இன்னோர் அணி முன்வர வேண்டும். டாட்ஜர்ஸின் புதிய உரிமையாளர்கள் அந்த ஆகஸ்டில் தொலைபேசியை எடுத்திராவிட்டால், 2013 ஏப்ரலில் முதல் பேஸில் நபோலிக்குப் பதில் கான்சாலஸ் நின்றிருப்பார். அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டுகொண்டிருந்த க்ராஃபோர்டுக்கு இன்னும் ஐந்து ஆண்டுச் சம்பளம் பாக்கி இருந்திருக்கும். விக்டோரினோவின் வீட்டுக்கு அழைப்பே போயிருக்காது.